ஒன்பது வயிறு, ஒரே மூட்டை

"கொஞ்சம் திட்டமிட்டுச் சமைத்தால் போதும், குறைந்த செலவிலேயே குடும்பம் முழுவதற்கும் சத்தான சாப்பாடு கொடுத்துவிடலாம்!"

இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழ்ப் பெண் இருக்க முடியாது. காலையில் டி.வி.யில் ஒருவர் சொல்வார். வார இதழின் நடுப்பக்கத்தில் இன்னொருவர் சொல்வார். தாத்தாவுக்கு ஓட்ஸ் கஞ்சி, அப்பாவுக்கு ஆலிவ் எண்ணெயில் வதக்கிய காய், குழந்தைக்கு பாதாம் பால், கர்ப்பிணிக்கு மாதுளம் பழச்சாறு என்று வரிசையாக வரும். எல்லாம் சரிதான். இதை எல்லாம் யார் சமைப்பது, எத்தனை அடுப்பில் சமைப்பது, எந்தக் காசில் வாங்குவது என்ற மூன்று கேள்விக்கு மட்டும் அங்கே பதில் இருக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

தென்காசி மாவட்டம் கீழப்பாவூரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை வீடுதான். ஆனால் அந்த ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இதே மாதிரி ஒரு வீடு இருக்கும். மொத்தம் ஒன்பது பேர். ஆச்சிக்கு சர்க்கரை. தாத்தாவுக்கு பிரஷர், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூத்த மகன் கொத்தனார். அவர் மனைவி வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார், சமையலும் அவர்தான். அவர்களுக்கு எட்டாம் வகுப்பில் ஒரு பெண், மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். இளைய மகன் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அவர் மனைவிக்கு ஆறு மாதம், ரத்தம் கம்மி என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு வயதில் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை. போதாதற்கு ஆச்சி ஏதோ ஒரு வேண்டுதலில் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுப் பல வருஷமாகிறது. கார்த்திகை பிறந்தால் இளையவர் மாலை போட்டுவிடுவார், அப்புறம் அவருக்கும் தனிப் பாத்திரம்.

இப்போது சொல்லுங்கள், இந்த வீட்டில் ஒரு நாள் மதியம் என்ன சமைப்பது?

மூட்டை தூக்குகிறவருக்கு சோறு மலை மாதிரி வேண்டும். அதே பானைச் சோற்றில் ஆச்சிக்கு ஒரு கரண்டிதான் போடலாம். "ஏ தாயி, இந்தச் சோறு எந்த மூலைக்குக் காணும்?" என்று ஆச்சி கேட்கும்போது, அந்தக் குறைந்த சோற்றுக்கு ஈடாகத் தட்டில் வைக்க ஏதாவது இருக்க வேண்டும். ஒரு கிண்ணம் தட்டப்பயறோ, ஒரு கை சுண்டலோ, இரண்டு மடங்கு காயோ. இல்லையென்றால் அது உணவுக் கட்டுப்பாடு ஆகாது, பட்டினி. கர்ப்பிணிக்கு கீரையும் முட்டையும் வேண்டும். தாத்தாவுக்கு உப்புப் போடுவதற்கு முன்னாலேயே குழம்பைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக் காரம் ஆகாது. மூன்றாம் வகுப்புக்காரன் கீரையைக் கண்டாலே ஓடுவான் (இது நோய் இல்லை, ஆனால் சமைப்பவருக்கு இதுவும் ஒரு கணக்கு!).

ஒரே அடுப்பு, ஒரே ஆள், ஐந்து விதமான தட்டு. இதற்கு ஆகும் செலவை யாரும் ரூபாயில் எழுதி வைப்பதில்லை. வணிகவியல் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று வரும். ஒரு வேலையைச் செய்வதால் இன்னொரு வேலையில் கைவிட்டுப் போகும் வருமானம்தான் அது. ஆயிரம் பீடி சுற்ற ஏறக்குறைய பத்து மணி நேரம் என்று வையுங்கள். ஆச்சிக்கென்று தனியாக ஒரு கறி வைக்க அரை மணி நேரம் ஆனால் ஐம்பது பீடி போயிற்று. தாத்தாவுக்கு உப்பில்லாமல் ஒன்று, பிள்ளைக்கு மசித்து ஒன்று என்றால் நூறு, நூற்றைம்பது. பீடிக் கூலி ஆயிரக் கணக்கில்தான். சுளகை மடியில் வைத்துக்கொண்டு இரவு பதினோரு மணிவரை அவர் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல, அந்த நூற்றைம்பதுதான். 2024ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. அந்த 289இல் இன்னும் முப்பதைக் கூட்டச் சொல்வதுதான் டி.வி. நிபுணரின் 'கொஞ்சம் திட்டமிடல்'.

சரி, நேரத்தை விடுங்கள், பொருளுக்கு வருவோம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு தானியம் 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி என்று இருக்கிறது. ஒன்பது பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்குக் குறையும், மூட்டை தூக்குகிறவருக்குக் கூடும், சராசரி அப்படியே இருக்கட்டும். மாதத்துக்கு தானியம் 67 கிலோ சொச்சம். பருப்பு-முட்டை வகை ஏறத்தாழ 23 கிலோ. பால் ஒரு நாளைக்கு 2.7 லிட்டர், லிட்டர் 40 ரூபாய் என்று மலிவாகவே வைத்தாலும் மாதம் 3,240 ரூபாய். பால் மட்டும்!

ரேஷன் கடையில் என்ன கிடைக்கிறது? அரிசி இலவசம். முன்னுரிமை அட்டை என்றால் தலைக்கு 5 கிலோ வீதம் 45 கிலோ. முன்னுரிமை இல்லாத அட்டை என்றால் ஒன்பது பேர் இருந்தாலும் 20 கிலோதான். கிலோ 25 ரூபாய்க்கு சர்க்கரை 2 கிலோ. 25 ரூபாய்க்கு பாமாயில் 1 லிட்டர். 30 ரூபாய்க்கு துவரம்பருப்பு... 1 கிலோ. தேவை 23, கிடைப்பது 1.

இந்த ஒரு கிலோ, ஒரு ஆள் இருக்கிற அட்டைக்கும் ஒன்பது ஆள் இருக்கிற அட்டைக்கும் அதே ஒரு கிலோதான். ஆக, அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தால் நஷ்டம். இரண்டு அட்டையாகப் பிரித்தால் பருப்பு 2 கிலோ, எண்ணெய் 2 லிட்டர். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயும் அட்டைக்கு ஒருவருக்குத்தான். 'கூட்டுக் குடும்பம் அழிகிறதே' என்று பட்டிமன்றத்தில் கண்ணீர் விடுகிற யாராவது இந்தக் கணக்கை எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்களா?

இங்கே ஒரு கூட்டம் குறுக்கே வரும். 'பாத்தியா, இலவசமே தண்டம், அரிசியையே நிறுத்தணும்' என்று. அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசியில் தொடங்கி, 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம் என்று வந்த பாதை தமிழ்நாட்டின் சொத்து. ஏழை யார், ஏழை இல்லாதவர் யார் என்று கோடு கிழிக்காமல் கேட்டவர்க்கெல்லாம் அட்டை கொடுத்ததால்தான் இங்கே சோறு இல்லாத வீடு இல்லை. 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் இந்திய கிராமங்களில் மொத்தச் செலவில் உணவுக்குப் போவது 47 சதவீதம், அதில் தானியத்துக்குப் போவது வெறும் 5 சதவீதம் அளவு. அந்த 5 இவ்வளவு சின்னதாக இருப்பதற்கு ரேஷனும் ஒரு காரணம். அதைப் பிடுங்கச் சொல்வது வயிற்றில் அடிப்பது. ஆனால் மிச்சம் 42 சதவீதம் எங்கே போகிறது? பால், காய், பருப்பு, எண்ணெய், முட்டை, மீன், வெளியில் வாங்கும் பலகாரம். வீட்டை வளைத்து முறிப்பது அதுதான். அங்கே அரசின் கை ஒரு கிலோ பருப்போடு நின்றுவிடுகிறது.

இதில் கீழப்பாவூருக்கென்று தனியாக ஒரு கொடுமை உண்டு. சுற்றிலும் தோட்டம், கிணற்றுப் பாசனம். பக்கத்திலேயே பாவூர்சத்திரம் சந்தை. அங்கே வந்து இறங்கும் காய் லாரி ஏறி புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிறது. அந்த மூட்டையைத் தூக்கி லாரியில் ஏற்றுகிறவர் வீட்டில்தான் கர்ப்பிணிக்குக் காய் இல்லை. சாயங்காலம் சந்தையில் கழித்துப் போட்டதில் ஒரு பை நிறைய மலிவாக வரும், அதுதான் மறுநாள் சாம்பார். மார்கழி, தையில் சிறுகிழங்கு வரும்போது இரண்டு நாள் கொண்டாட்டம்.

அடுத்த எதிராளி வயதான பெரியவர். 'அந்தக் காலத்துல பத்துப் பிள்ளைய வளக்கலையா? அப்ப என்ன டயட்டா பாத்தாங்க?' என்பார். வளர்த்தார்கள் ஐயா. அப்போது கேப்பையும் கம்பும் சொந்த மண்ணில் விளைந்தது, முருங்கை வாசலில் நின்றது, கோழி புழக்கடையில் மேய்ந்தது, கருப்பட்டி பனங்காட்டிலிருந்து வந்தது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அதோடு, ஆண்கள் தின்று முடித்து மிஞ்சியதைப் பெண்கள் தின்றார்கள், அவர்களுக்கு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாரும் ஊசி குத்திப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம். பாதிக்கு மேல்!

உளுந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தபோது துவரம்பருப்பு, பாமாயிலோடு உளுத்தம்பருப்பும் ரேஷனில் கிடைத்தது. பின்னாளில் அது நின்றுபோனது. நெல்லைச் சீமையில் இடுப்புக்கு பலம் என்று சொல்லிப் பெண்களுக்கென்றே ஒதுக்கிய ஒரே பண்டம் உளுந்து. பட்டியலில் எதையோ வெட்ட வேண்டும் என்று வந்தபோது சர்க்கரை தப்பித்துக்கொண்டது, உளுந்து போனது.

வயிறு வேறு வேறு என்று அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? அதுதான் இதில் பெரிய வேடிக்கை. நன்றாகவே தெரியும்.

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய நாகரிகம்! 'எங்கள் பிள்ளை முட்டை தின்னாது, அதனால் யாருக்கும் போடாதே' என்று யாரும் இங்கே கேட்க முடியாது. 'எல்லாரும் தின்னுகிறார்களே, நீயும் தின்னு' என்றும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதல்வரே நிராகரித்தார். மொத்தப் பிள்ளைகளுக்கும் சிலருடைய சாப்பாட்டு வழக்கமே சட்டம் ஆனது. தமிழ்நாடு அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒரே சமையல்கூடத்தில் இரண்டு விதமான தட்டை வைத்தது. அதுவும் கணக்குப் பார்த்து, டெண்டர் விட்டு, நாமக்கல் முட்டையைக் கொண்டுவந்து.

அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தனியாக, சின்னப் பிள்ளைக்குத் தனியாக சத்துமாவு. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்த ஆச்சிக்கு சர்க்கரை என்று அரசாங்கத்தின் நோட்டில் இருக்கிறது. 2017இல் வந்த ஸ்மார்ட் கார்டில் வீட்டில் யார் யார், என்ன வயது என்பது வரை இருக்கிறது.

அப்படியிருந்தும் ரேஷன் கடை எடைத் தட்டுக்கு முன்னால் மட்டும் ஆச்சி, தாத்தா, கர்ப்பிணி, பிள்ளை எல்லாரும் மறைந்து ஒரு மூட்டை ஆகிவிடுகிறார்கள். மாத்திரையும் சர்க்கரையும் ஒரே அரசாங்கத்திடமிருந்து ஒரே வீட்டுக்கு ஒரே வாரத்தில் வருகின்றன. ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் 2023 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, நாட்டின் சராசரி 11.4. அதே ஆய்வுக் குழு 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதிய கட்டுரையில் இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. அதைவிட முக்கியம், வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றினால் மட்டும் ஆபத்து குறைவதில்லை, மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பயறு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால்தான் குறைகிறது என்றும் கண்டது. ஆக, கேப்பைக் களி தின்றால் சர்க்கரை ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள்.

ரத்தசோகைக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2023இல் ரேஷனில் இரும்புச்சத்து சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியது. அதிலும் அதே மூட்டைப் புத்திதான். யாருக்கு இரும்பு வேண்டும் என்று பார்த்து ஒரு கட்டுக் கீரையும் ஒரு முட்டையும் கொடுப்பதை விட, எல்லார் சோற்றிலும் இரும்பைக் கலந்துவிடுவது எளிது. கூடவே, சோற்றைக் குறை என்று டாக்டர் சொன்ன ஆச்சிக்கும் சத்து சோற்றில்தான் வந்தது!

அப்படியானால் என்ன செய்யலாம்? புதிதாகப் பணம் கேட்க வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். இந்திய உணவுக் கழகத்துக்கு ஒரு கிலோ அரிசி கொள்முதல் செய்து, சேமித்து, அனுப்ப ஆகும் செலவு 40 ரூபாய் அளவில் இருக்கிறது. வாங்குகிறவருக்கு இலவசம், கொடுக்கிறவருக்கு இல்லை. ஐந்து கிலோ அரிசி 200 ரூபாய். அந்தக் காசுக்கு முப்பது முட்டை வரும், அல்லது இரண்டு கிலோ கொண்டைக்கடலை வரும். 'ஐந்து கிலோவை வேண்டாம் என்கிறேன், அதன் மதிப்புக்குப் பயறோ முட்டையோ கொடு' என்று கேட்க ஒரு வீட்டுக்கு உரிமை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? முப்பது முட்டை ஒன்பது பேருக்குப் பெரிதில்லைதான். ஆனால் கர்ப்பிணிக்கு மட்டும் என்றால் மாதம் முழுக்க நாளைக்கு ஒன்று. கொண்டைக்கடலை என்றால் அது ஆச்சியின் கிண்ணம், முட்டை தொடாதவருக்கும் ஆகும். அரிசியே வேண்டும் என்கிற வீடு அரிசியே வாங்கிக்கொள்ளட்டும், மூட்டை தூக்குகிறவருக்கு அது வேண்டும்.

மாற்றிக் கொடுப்பது நடக்காத காரியம் என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. அரிசிக்குப் பதில் கோதுமை வாங்கிக்கொள்ளும் வழி ஏற்கெனவே உண்டு. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். முட்டையை உடையாமல் மூலை முடுக்கு ஊருக்கெல்லாம் கொண்டு சேர்க்கத் தெரியாதா என்றால், அதைத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு வாரமும் செய்கிறார்கள். நெல் விவசாயி பாதிக்கப்படுவார் என்பது மட்டும் யோசிக்க வேண்டிய எதிர்ப்பு. தஞ்சாவூர்க்காரர் வயிற்றில் அடித்து கீழப்பாவூர்க்காரர் வயிற்றை நிரப்புவது நியாயமில்லை. ஆனால் தின்னப்படாத ரேஷன் அரிசி இப்போது எங்கே போகிறது? புளியரை சோதனைச் சாவடிப் பக்கம் எத்தனை முறை கடத்தல் அரிசி பிடிபட்டது என்பது தென்காசிக்காரர்களுக்குப் பத்திரிகை வாசித்தே மனப்பாடம். மாட்டுத் தொட்டிக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிற அரிசியை வாங்கி விவசாயியைக் காப்பாற்றுகிறோம் என்பது கொஞ்சம் சுற்றி வளைத்த வழி. நெல்லோடு உளுந்தையும் பாசிப்பயறையும் அதே டெல்டாவில் அறுவடை முடிந்த வயலில் போடுகிறார்கள். அதையும் நல்ல விலைக்கு எடுத்து ரேஷனுக்குக் கொண்டுவரலாமே.

இதெல்லாம் வரும்வரை? வரும்வரை நடப்பது இப்போது நடப்பதுதான். அந்த ஒரு கிலோ பருப்பை முப்பது நாளுக்கு இழுக்கிறார் மூத்த மருமகள். சாம்பாரில் பருப்பு தெரியாது, நிறம் தெரியும். சாளை மலிவாக வந்தால் மீன் குழம்பு, அன்றைக்கு ஆச்சிக்குத் தனியாகப் புளித்தண்ணி. முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்தில் கேட்டால் கிடைக்கும். முட்டை மூன்று வாங்கினால் ஒன்று கர்ப்பிணிக்கு, ஒன்று சின்னதுக்கு, ஒன்று மூட்டை தூக்குகிறவருக்கு. பள்ளிக்கூடம் போகிற இரண்டும் அங்கே தின்றுவிட்டு வந்துவிடும், சனி ஞாயிறு மட்டும் கேட்கும். ஒன்பது பேருக்கும் யாருக்கு எது ஆகாது என்று அவருக்குத் தலைகீழாகத் தெரியும். எட்டுப் பேர் தட்டைப் பார்த்துவிட்டு இரவு ஒன்பதரைக்கு அவர் உட்காரும்போது பானையில் சோறு இருக்கிறது, சட்டியில் காய் தீர்ந்துவிட்டது. ரசத்தை ஊற்றிக்கொள்கிறார். காலையில் பீடிக்கடையில் எண்ணிக் கொடுக்க வேண்டியதில் இன்னும் இருநூறு பாக்கி.